புதுச்சேரிக்குப் புறப்படுமுன்

விடுமுறை என்பது வேலையில்லாத நாள் என்று பொருள்படுமாயினும், அதனை நன்கு கழிப்பதற்குச் சிறிது வேலை செய்தே ஆகவேண்டும். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் குடும்பத்தோடு வெளியூர் சென்று திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "போனோம், வந்தோம், வெயில் கொளுத்திற்று, நல்ல அறை கிடைக்கவில்லை, பணம் கரைந்தது" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அதே ஊருக்கு, அதே ஆண்டில், அதைவிடக் குறைந்த செலவில் சென்று வந்த வேறு சிலரோ, பல ஆண்டுகள் பேசி மகிழ்வதற்குரிய செய்திகளைச் சுமந்து வருவார்கள். இவ்விருவர்க்கும் உள்ள வேற்றுமை அதிருஷ்டத்தினால் விளைந்ததன்று. பெரும்பாலும் முன்னேற்பாட்டினால் விளைந்ததாகும்.

வெயிலும் கடலும் உள்ள ஒரு நகரில் நான்கு நாள் விடுமுறையைக் கழிப்பதற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். பொதுப்படையாகப் பேசினால் அது வெறும் உபதேசமாக முடிந்துவிடும். ஆகவே நேயர்கள் பலரும் அறிந்த ஓர் ஊரையே எடுத்துக்கொள்வோம். அது புதுச்சேரி. ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த காலத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்நகருக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னர்க் குடும்பத்தோடும் சென்றிருக்கிறேன். அந்த ஊரை முன்வைத்து நான் கூறுவன, சிற்சில மாறுதல்களோடு விசாகப்பட்டினத்துக்கும் பூரிக்கும் கூடப் பொருந்தும்.

முதலாவதாக எழ வேண்டிய கேள்வி, எதைப் பார்ப்பது என்பதன்று. யார் போகிறோம் என்பதாகும். ஒரு குடும்பத்தில் ஓடியாடும் சிறுவன் இருப்பான். முழங்கால் வலியுள்ள பாட்டியார் இருப்பார். ஆண்டு முழுதும் அலுவலகத்தில் உழைத்த தந்தை இருப்பார். அலுவலகத்திலும் அடுப்படியிலும் உழைத்த தாய் இருப்பார். மாட்டு வண்டிகள் வரிசையாகச் செல்லும்போது, மிகவும் மெதுவாகச் செல்லும் வண்டியின் வேகமே முழு வரிசைக்கும் வேகமாகும். அதுபோலப் பாட்டியார் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அதுவே அந்தக் குடும்பத்தின் பயணத்துக்கு அளவுகோல். இதை மறந்து வகுக்கப்படும் திட்டம் முதல் நாள் மாலையிலேயே உடைந்துபோகும். தாயைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரைக்குச் சென்ற இடத்திலும் அடுப்பும் பாத்திரமும் துணி துவைப்பதும் அவர் பின்னாலேயே வருமானால், மற்றவர்க்கு விடுமுறை, அவருக்கு இடமாற்றம் என்றே ஆகும். ஆகவே, அந்த நான்கு நாள்களில் வீட்டுப் பணிகளுள் எவற்றை விட்டுவிடுவது, எஞ்சியவற்றை யார் யார் செய்வது என்பதையும் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த கேள்வி, எப்போது போவது என்பது. இங்கே நாம் சிறிது பூகோளம் படிக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் அமைந்துள்ளது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில், சூரியன் ஆண்டுக்கு இருமுறை நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. புதுச்சேரிக்கு அந்த நாள்கள் ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியிலும், ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியிலும் வருகின்றன. அந்நாள்களில் நண்பகலில் ஒரு கம்பை நேராக நட்டு நிறுத்தினால், அதன் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். மாணவர்களை முற்றத்தில் நிறுத்தி இதைக் காட்டுவது எனக்கு மிகவும் விருப்பமான பாடங்களுள் ஒன்று. நம்முடைய பள்ளிகளின் கோடை விடுமுறையும், உச்சி வெயிலும் ஒரே சமயத்தில் வருவதன் காரணம் இதனால் விளங்கும். ஏப்ரலில் உச்சிக்கு வந்த சூரியன் நிலத்தைச் சூடேற்றிக்கொண்டே போக, அந்தச் சூடு சேர்ந்து சேர்ந்து மே மாதத்தில் கத்திரி வெயிலாக நம்மைத் தாக்குகிறது.

கடற்கரை ஊராயிற்றே, வெயில் தெரியாது என்று சிலர் எண்ணுவர். அது பாதி உண்மை. நிலம் விரைவில் சூடாகும். நீர் மெதுவாகவே சூடாகும். பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசுகிறது. இதுவே கடற்காற்று. நண்பகலை ஒட்டி அது தொடங்கிவிட்டால் அதன்பின் வெப்பம் தணியும். ஆனால் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று பலமாக வீசும் நாள்களில், கடற்காற்று கரையேற முடியாமல் தாமதிக்கிறது. அவ்வாறு அது தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நகரம் அடுப்பின் மேல் வைத்த கலம்போல் ஆகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட ஓர் இலையும் அசையாத நாள்களை நான் அங்கே கண்டிருக்கிறேன்.

மே மாதம் வேண்டாம், டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்றால், அங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது. புதுச்சேரிக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலமும் அதுவே. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து பேரழிவை உண்டாக்கிற்று. 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து நகரை வெள்ளக்காடாக்கிற்று. அன்றியும், ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் அங்கே கூடும் கூட்டம் சொல்லுந்தரமன்று. அறைகளின் வாடகையும் அதற்கேற்ப ஏறிவிடும்.

அப்படியானால் எந்த மாதந்தான் ஏற்றது? ஜனவரிப் பிற்பகுதி முதல் மார்ச்சுத் தொடக்கம் வரையுள்ள காலமே ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், காலையில் மெல்லிய குளிர் இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களும், என்னைப்போல் ஓய்வு பெற்றவர்களும் இக்காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகள் உள்ளவர்க்குச் செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை பெரிதும் துணைபுரியும். அப்போது வெயில் இருப்பினும் கத்திரியின் கடுமை இராது. பருவமழையும் பெரும்பாலும் தொடங்கியிராது. மே மாதத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. அவர்கள் மாதத்தை மாற்ற இயலாவிட்டாலும் மணியை மாற்றிக்கொள்ளலாம். அது எவ்வாறு என்பதைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன்.

பயணத்தைப் பற்றி மிக விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று, நான்கு மணி நேரத்தில் சென்றுவிடலாம். ரயிலில் செல்வோர் விழுப்புரம் வழியாகச் செல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை அமைந்த ஆண்டு 1879. ரயிலில் இடம் பதிவு செய்வதற்கு முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது; 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே நாட்காட்டியில் புறப்படும் நாளைக் குறித்தவுடன், பதிவு தொடங்கும் நாளையும் கூடவே குறித்துக்கொள்வது நலம்.

தங்குமிடம் தேடுமுன் நகரின் அமைப்பை அறிந்துகொள்ளல் வேண்டும். 1674ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரர் இங்கே நிலைகொண்டனர். 1693இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றி, 1699 வரை வைத்திருந்தனர். தெருக்கள் ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டிக்கொள்ளுமாறு சதுரங்கப் பலகை போன்ற திட்டத்தை வரைந்தவர்கள் அவர்களே. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து கட்டியபோதும், பழைய திட்டத்தையே பெரும்பாலும் பின்பற்றினர். வடக்குத் தெற்காக ஓடும் ஒரு கால்வாய் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, உயர்ந்த மதில்களும் உள்முற்றமும் உடைய பிரெஞ்சு வீடுகள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் தூண்களும் உடைய தமிழ் வீடுகள். கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்கள் கடற்காற்று நகரினுள் நுழைவதற்கு வாய்க்கால்கள் போலப் பயன்படுகின்றன. அத்தகைய தெருவில் அறை கிடைத்தால் மாலைக் காற்றுக்குக் குறைவிராது.

பழைய நகரம் சிறியது. அதன் எந்த மூலையிலிருந்தும் அரைமணி நேர நடையில் கடற்கரையை அடைந்துவிடலாம். ஆகவே கடலை ஒட்டிய அறைக்கென்றே மிகுந்த வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை, "கடல் தெரியும் அறை" என்று சொல்லி எங்களுக்கு ஓர் அறையைத் தந்தார்கள். சாளரத்தின் ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்துப் பார்த்தபோது, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிந்தது! சொன்னது பொய் என்று வாதாடவும் வழியில்லை. அறை பதிவு செய்யுமுன் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்: மாடிப்படி எத்தனை, குளியலறையில் தண்ணீர் எந்நேரமும் வருமா, நண்பகலில் அறையினுள் வெயில் விழுமா. முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்குக் கடல் தெரிவதைவிட இவை மூன்றும் முக்கியம்.

இனி, மணியை மாற்றிக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை அமைக்கும்போது, கடினமான பாடத்தைக் காலையில் வைப்போம். உண்டபின் உறக்கம் வரும் நேரத்தில் ஓவியமோ கைத்தொழிலோ வைப்போம். கடற்கரை விடுமுறைக்கும் அதே விதிதான். புதுச்சேரி கிழக்குக் கடற்கரை ஊர். சூரியன் கடலிலிருந்து எழுகிறது. நகரின் பின்னால் மறைகிறது. ஆகவே காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பவன் அந்நகரின் தலைசிறந்த காட்சியைக் காசு செலவின்றிக் கண்டுவிடுவான். எட்டரை மணிக்கு எழுந்திருப்பவனுக்குக் கண்கூசும் வெளிச்சம் ஒன்றுதான் மிஞ்சும். காலை பத்தரை வரை தெருக்களில் நடப்பது. பதினொன்று முதல் மூன்றரை வரை கூரையின் கீழ் இருப்பது. நான்கரைக்கு மேல், சூரியன் கட்டடங்களுக்குப் பின்னே சாய்ந்தபின், மீண்டும் கடற்கரைக்குச் செல்வது. இந்த அட்டவணையைக் கைக்கொண்டால் மே மாதத்திலும் உடல் நலியாது. கூரையின் கீழிருக்கும் அந்த நான்கரை மணி நேரத்தை உணவுக்கும், உறக்கத்துக்கும், அருங்காட்சியகத்துக்கும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

வெயிலில் நடப்பவர்கள் தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்றிருத்தல் கூடாது. முதியோர்க்குத் தாக உணர்ச்சியே குறைவு. குழந்தைகள் விளையாட்டில் அதை மறந்துவிடுவர். வியர்வையில் நீரோடு உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட மோர் மிக நல்லது, இளநீரும் நன்று. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை தோன்றினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து, விசிறிவிட வேண்டும். நினைவு தடுமாறினாலோ, உளறினாலோ சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காண வேண்டியவற்றைப் பற்றி இப்போது கூறுகிறேன். நான்கு நாளில் நாற்பது இடங்களைக் காண்பது கண்டதாகாது. நாளொன்றுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கடற்கரைச் சாலை. காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அருகே 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மாலையில் அச்சாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டு, நடப்போர்க்கென்றே விட்டுவிடுகிறார்கள். முதியோரை அச்சமின்றி அழைத்துச் செல்லலாம். சாலைக்கு அண்மையிலுள்ள பாரதி பூங்காவில் வெண்ணிற மண்டபம் ஒன்று உண்டு. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது அது. மன்னர்க்கும் போருக்கும் நினைவுச் சின்னம் எழுப்புவோர் பலர். தண்ணீருக்கு எழுப்பியதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரண்டாம் நாள், எழுத்தாளர்களின் நாள். பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்து, 1918 வரை பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவருடைய சிறந்த படைப்புகள் பல அவ்வூரிலேயே தோன்றின. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. 1891இல் அவ்வூரிலேயே பிறந்த பாரதிதாசனின் இல்லம் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது. 1910இல் வந்த அரவிந்தர் இறுதிவரை அங்கேயே தங்கினார். ஆங்கில ஆட்சியின் கை எட்டாத பிரெஞ்சு மண்ணாக அது இருந்தமையே பாரதியாரையும் அரவிந்தரையும் அங்கே ஈர்த்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது அப்போது ஒரு தெருவாக, ஒரு வாசற்படியாக மாறிவிடும். அந்தப் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளில் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவுக்கு மாறிற்று.

மூன்றாம் நாள் அரிக்கமேட்டுக்குரியது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் உள்ளது அவ்விடம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, ரோமாபுரியோடு நிகழ்ந்த வாணிகத்துக்குச் சான்றாக மதுச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலிய மட்கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. மணிகள் செய்யும் தொழிலும் அங்கே நடந்திருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இன்று அங்கே சென்று நிற்பவர்க்குத் தோப்பும், மேடும், பிற்காலத்துச் செங்கற் சுவரொன்றின் எச்சமுமே தென்படும். "இதற்காகவா இவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆகவே முதலில் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் அந்தப் பொருள்களைப் பார்த்துவிட்டு, மாலையில் அந்த மேட்டுக்குச் செல்ல வேண்டும். வரிசை மாறினால் பாடம் கெட்டுவிடும். அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, பூட்டியிருப்பது வழக்கம், முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

நான்காம் நாள் ஊர் திரும்பும் நாள். அன்று 1826இல் அமைக்கப்பட்ட தாவரத் தோட்டத்தைக் காலையில் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1968இல் தோன்றிய ஆரோவிலையும் காண விரும்புவோர் மேலும் ஒரு நாளை ஒதுக்குவதே முறை. அங்குள்ள மாத்ரி மந்திரின் உள்ளே செல்ல முன்பதிவு செய்தல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றில் ஏதேனும் ஒன்று தவறினால் பணமோ நேரமோ வீணாகும், அவ்வளவே. இனிக் கூறப்போவது அத்தகையதன்று. கடலைப் பற்றிய இந்தப் பகுதியை நேயர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

எங்கள் பள்ளியில் மேல்நிலைத் தேர்வு எழுதி முடித்த மாணவன் ஒருவன், நண்பர்கள் நால்வரோடு கடற்கரைக்குச் சென்றான். கிணற்றிலும் ஆற்றிலும் நன்றாக நீந்தக்கூடியவன். முழங்கால் ஆழத்தில்தான் நின்றார்களாம். தேர்வு முடிவு வந்தபோது அவன் பெயருக்கு நேரே நல்ல மதிப்பெண்கள் இருந்தன. சான்றிதழை அவன் தந்தையார் வந்து கையொப்பமிட்டு வாங்கிச் சென்றார். ஒவ்வொரு விடுமுறையிலும் இத்தகைய செய்தியை நாளிதழில் படிக்கிறோம். நீந்தத் தெரிந்தவர்களையும் கடல் ஏன் கொண்டுபோகிறது?

காரணம் இதுதான். அலைகள் ஓயாமல் நீரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சேர்ந்த நீர் திரும்பிச் செல்ல வழி வேண்டும். அது எல்லா இடத்திலும் சமமாகத் திரும்புவதில்லை. கரைக்கு அப்பால் நீரினடியிலுள்ள மணல் திட்டுகளில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அங்கே ஒன்றுகூடி, குறுகிய ஆறுபோல் கடலை நோக்கி வேகமாக ஓடுகிறது. கற்சுவர்கள், பாறைக் குவியல்கள் இவற்றின் ஓரங்களிலும் இத்தகைய ஓட்டம் உண்டாகும். இதில் பெரிய வஞ்சகம் ஒன்று உண்டு. நீர் ஆழமாக வெளியேறும் அவ்விடத்தில் அலைகள் அதிகம் உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே மட்டும் அமைதியாகத் தெரியும். அறியாதவர்கள் அந்த அமைதியையே பாதுகாப்பென்று எண்ணி, அங்கே இறங்குகிறார்கள்.

அந்த இழுப்பு மனிதனை நீரின் அடிக்கு இழுப்பதில்லை; கரையிலிருந்து தொலைவுக்கே கொண்டுபோகிறது. அகப்பட்டவன் அதை எதிர்த்து நேரே கரையை நோக்கி நீந்துகிறான். வலிமை மிக்கவனும் சில நிமிடங்களில் களைத்துப்போகிறான். உயிரைக் குடிப்பது அந்தக் களைப்பே. ஆகவே அகப்பட்டவர் செய்ய வேண்டியது: எதிர்த்து நீந்தாமல் உடலை மிதக்கவிட வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தைக் கடந்தபின் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் பதறிப்போய்த் தாமும் குதித்தல் கூடாது. ஒருவரைக் காப்பாற்ற மூவர் இறங்கி நால்வரும் மாண்ட செய்திகள் உண்டு. கயிறு, மூங்கில், காலியான மூடிய குடம், முறுக்கிய சேலை, எது மிதக்குமோ எது எட்டுமோ அதை வீச வேண்டும். மீனவரையும் காவலரையும் கூவி அழைக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடற்கரைக்கே உரிய செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம்முடைய கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று, அது நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதனை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓரளவு தெற்கே திரும்புகிறது. ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கே சென்ற மணலுக்கு ஈடாகப் புது மணல் வராமையால், நகரின் முன்னிருந்த மணற்பரப்பு மெல்ல மறைந்தது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மணலே இல்லாத கடற்கரையைப் பார்த்து வளர்ந்தார்கள். பின்னர் 2018ஆம் ஆண்டையொட்டி நீரினடியில் ஒரு தடுப்பு அமைக்கப்பட்டு, ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

இதனால் நாம் அறிய வேண்டியது யாது? கரையின் வடிவமும் நீரின் ஆழமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. "போன முறை இங்கேதான் குளித்தோம்" என்பது சான்றாகாது. பாறைகள் உள்ள இடத்தில் பாசி வழுக்கும். அவற்றின் மேல் இறங்குவதும், நின்று படம் எடுப்பதும் வேண்டா. குளிக்கத் தடை என்று பலகை வைத்த இடத்தில் கால் நனைப்பதோடு நில்லுங்கள். கடலில் இறங்க விரும்பினால் உயிர்காப்பாளர் உள்ள இடத்தில், பகலில் மட்டும், அவ்வூர் மீனவர் ஒருவரைக் கேட்டபின் இறங்குங்கள். மது அருந்தியவர் நீரில் இறங்கவே கூடாது. குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. கடற்கரையில் இருக்கும்வரை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இன்ன நேரத்துக்கு இன்னார்க்கு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை என்பதை நான் வகுப்பறையில் கற்றேன்.

இறுதியாகச் செலவைப் பற்றி ஒரு சொல். மொத்தத் தொகையை முதலில் தீர்மானித்து, அதனை ஐந்து பங்காக்குங்கள். பயணம், தங்கல், உணவு, காட்சிகள் ஆகியவற்றுக்கு நான்கு பங்குகளை வசதிபோல் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பங்கைத் தொடவே தொடாதீர்கள். காய்ச்சல் வரலாம், புயல் எச்சரிக்கை வந்து ஒரு நாள் முன்னதாகவே திரும்ப நேரலாம். தொடாமல் அது வீடு திரும்புமானால் அடுத்த விடுமுறையின் முதல் தவணையாகட்டும். கடன் வாங்கிச் செல்லும் உல்லாசம், திரும்பியபின் பல மாதம் உல்லாசத்தைக் கெடுக்கும்.

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குறிப்பேட்டைக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை அந்த ஊரில் நடந்தவற்றைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். கப்பல் வந்ததும் சண்டை மூண்டதும் இன்று நமக்குத் தெரிவது அந்த மனிதர் சலியாமல் எழுதியதனால். அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் அவர் பெயர் தாங்கிய தெருவில் நிற்கிறது. கால் நூற்றாண்டு எழுதியவரின் ஊருக்குச் செல்லும் பிள்ளை, நான்கு நாள் நான்கு பக்கம் எழுதினால் ஆகாதா? எத்தனை மணிக்குச் சூரியன் எழுந்தது, கடற்காற்று எப்போது தொடங்கிற்று, அப்பா இளநீருக்கு என்ன கொடுத்தார், பாட்டி எங்கே உட்கார்ந்தார் என்று எழுதட்டும். கைப்பேசியில் எடுத்த நூறு படங்கள் காணாமற்போனாலும், அந்த நான்கு பக்கங்கள் இருக்கும். பத்தாண்டு கழித்து அதே ஊருக்கு மறுபடியும் புறப்படும்போது, அந்தக் குறிப்பேட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். அடுத்த பயணத்துக்கு அதுவே வழிகாட்டியாக அமையும்.